கடுகு பொரியும் கடல்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்கு அடியில் ஒரே நிசப்தமாக இருக்கும் என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த அந்த நொடியில் காதில் விழுந்தது என்ன தெரியுமா? கடுகு பொரியும் சத்தம்! எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டால் படபடவென்று வெடிக்குமே, அச்சு அசலாக அதேதான். வலப்பக்கம், இடப்பக்கம், கீழே என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. தலையைத் தூக்கினால் காற்றும் காக்கை கரைவதும் மட்டும். மறுபடி முகத்தை வைத்தால் தாளிப்பு!

"தம்பி, உள்ளே என்னமோ பொரியுதுப்பா" என்றேன் பக்கத்தில் மிதந்த வழிகாட்டிப் பையனிடம். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "எறாலுக்கா. சொடக்குப் போடுற எறாலு. விரல் நீளங்கூட இருக்காது. ஒரு கைய மட்டும் பெருசா வச்சிருக்கும். அத வெடுக்குனு மூடுனா இந்தச் சத்தம் வரும். பாரு உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

பார் என்றால் பவளப்பாறைத் திட்டு. இராமேசுவரத்துக் கரையில் அதற்கு அதுதான் பெயர். அந்த இறால் தன் கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. நமக்குக் கேட்பது குமிழி உடையும் ஓசை. அந்த அதிர்ச்சியிலேயே சின்னஞ்சிறு இரைகள் மயங்கிவிடுமாம். ஆயிரக்கணக்கான இறால்கள் ஓயாமல் சொடுக்கிக்கொண்டே இருக்கின்றன. இரவும் பகலும் தாளிப்பு ஓயாத ஒரு பெரிய சமையல்கட்டின் கூரைமேல் நான் குப்புறப் படுத்து மிதந்துகொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சியை எப்படி எழுதிக் காட்டுவேன்!

எனக்கு மதுரை. எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் யாராவது இராமேசுவரம் போகாமல் இருந்ததில்லை. அக்னி தீர்த்தத்தில் இறங்கி, "காதைப் பொத்து, மூக்கைப் பிடி, முங்கு" என்று பாட்டி சொல்லச் சொல்ல மூன்று முழுக்குப் போட்டு எழுந்து, ஈரத்துணியோடு கோயிலுக்குள் ஓடி இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவோம். கடல் எனக்கு அவ்வளவுதான். புண்ணியமானது, உப்புக் கரிப்பது, முழங்காலுக்கு மேல் போகக்கூடாதது. அந்த அக்னி தீர்த்தத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இப்படி ஓர் உலகம் இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது என்னைப்போலத் தாமதிக்காமல் போய்விடுங்கள்!

இரண்டு கடல், ஒரு காற்று

ஏற்பாடெல்லாம் கல்லூரியில் படிக்கும் என் மகளுடையது. மாசி மாதக் கடைசியில் மூன்று நாள். வழிகாட்டியோடு கயாக் என்கிற சிறு துடுப்புப் படகில் போய், பாருக்கு மேலே நிறுத்தி, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்க வேண்டும். "எனக்கு நீச்சல் தெரியாதேடி" என்றேன். "மிதக்கத் தெரிஞ்சா போதும்மா, அதையும் அவங்களே சொல்லித் தருவாங்க" என்றாள்.

போய்ச் சேர்ந்த மாலையே வழிகாட்டித் தம்பி எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனான். இருபத்தைந்து வயது இருக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளை. மணலில் நின்று காற்றைப் பார்த்தான். பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரின் நிறத்தையும் நெளிவையும் பார்த்தே காற்றைப் படித்தான். "வாடை ஓஞ்சிருச்சு. கச்சான் இன்னும் எடுக்கல. நாளைக்கு வடகடல் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றான்.

வடகடல் என்பது பாக் விரிகுடா. தென்கடல் என்பது மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நடுவில் இராமேசுவரம் தீவு ஒரு திண்ணை போலக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். எந்த மாதமானாலும் ஏதாவது ஒரு பக்கம் அமைதி! ஆனால் எந்த நாளில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான் சொல்ல முடியும். வழிகாட்டி என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பொருள் புரிந்தது.

இன்னும் வெளிச்சம் இருந்ததால் தனுஷ்கோடிக்குப் போய்வந்தோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தின் சுவர் மட்டும் நிற்கிறது. எத்தனையோ தடவை அதன்முன் நின்று படம் எடுத்திருக்கிறேன். அன்று தம்பி, "கிட்ட வந்து கல்லப் பாருங்கக்கா" என்றான். பார்த்தேன். அது மலைக்கல் இல்லை, செங்கல்லும் இல்லை. கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னச் சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவும் சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் குழி, குழியைச் சுற்றி இதழ் இதழாகக் கோடுகள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து உளியால் செதுக்கியது போல அத்தனை ஒழுங்கு. "முருகைக்கல்லு. கடல்லேர்ந்து வெட்டிக் கொண்டாந்து கட்டுனது. நாளைக்கு இதோட உசுரக் காட்டுறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையோடு அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

துடுப்பு

விடியற்காலை ஆறு மணிக்கு ஓலைக்குடாப் பக்கத்துக் கரையில் நின்றோம். கிழக்கே வானம் சிவந்துகொண்டிருந்தது. எங்களோடு இன்னும் இரண்டு பேர். மொத்தம் நான்கு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள். உயிர்காப்புச் சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்தார்கள். கண்ணாடிக்குள் பனி படராமல் இருக்க எச்சில் தடவிக் கழுவச் சொன்னார்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் 'பூ' என்று ஊதித் தள்ளுவதற்கு இடுப்பளவுத் தண்ணீரில் வைத்துப் பத்துத் தடவை பழக்கினார்கள். பதினோராவது தடவை நானே கேட்டுச் செய்தேன். என் பயத்தை எல்லாம் அந்தப் பிள்ளைகளின் பொறுமை கரைத்துவிட்டது.

படகைத் தள்ளும் முன் தம்பி குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். நானும் வைத்துக்கொண்டேன்.

கயாக் என்பது எவ்வளவு அருமையான பொருள்! பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இலை உள்ள துடுப்பு; நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. "கையால இழுக்காதீங்கக்கா, கை வலிச்சுப்போகும். இடுப்பத் திருப்புங்க, துடுப்பு தானா வரும்" என்றான். திருப்பினேன். வந்தது! அம்மி அரைக்கும்போது உடம்பு முன்னும் பின்னும் போகுமே, அதுபோல ஒரு தாளம் பிடித்துக்கொண்டது. சளப், சளப். மோட்டார் இரைச்சல் இல்லை, டீசல் வாடை இல்லை. பக்கவாட்டில் முரல் மீன்கள் வெள்ளி ஊசி போலத் தண்ணீரைத் தைத்துக்கொண்டு துள்ளின. கண்ணாடித் தண்ணீருக்குக் கீழே மணல், மணலில் எங்கள் படகின் நிழல், நிழலைக் கண்டு பறந்த ஒரு திருக்கை. எல்லாம் தெரிந்தது. நாங்கள் அமைதியாகப் போனதால்தான் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கரையிலிருந்து சில நூறு மீட்டர்தான். தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து தேன்நிறத்துக்கு மாறிய இடத்தில் நிறுத்தினார்கள். "இதான் பாரு." மண்டபம் பக்கத்திலிருந்து இராமேசுவரம் வரை வடகடல் கரையையொட்டி வேலிபோல ஓடும் பவளப்பாறைத் தொடர் இது. ஆழம் இரண்டு ஆள்கூட இல்லை. நங்கூரத்தைப் பாறைமேல் போடாமல் தள்ளி மணல் பார்த்துப் போட்டார்கள். பிறகு, "வாங்கக்கா. தண்ணி உங்களத் தூக்கும். நீங்க சும்மா படுங்க" என்றான்.

படுத்தேன். கடுகு பொரிந்தது.

சுவரில் பார்த்தது உயிரோடு

கண் பழகச் சில நொடி ஆனது. முதலில் பழுப்பாக, மேடு பள்ளமாக ஏதோ தெரிந்தது. பிறகு அந்த மேடு ஒரு பெரிய உருண்டைப் பாறையானது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தொடாமல், ஒரு சாண் தள்ளி விரலால் சுட்டினான்.

பூக்கள்! நேற்றுத் தேவாலயச் சுவரில் பார்த்த அதே நட்சத்திரங்கள். அங்கே வெளுத்துச் செத்திருந்தவை இங்கே பச்சையும் பழுப்புமாக, ஓரம் தடித்து, நடுவில் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பூவும் ஓர் உயிர். பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை, விலங்கு. ஒவ்வொரு குழிக்குள்ளும் பூவிதழ் போன்ற கைகள் உள்ள மெத்தென்ற ஒரு சிற்றுயிர் இருக்கிறது. பகலில் பெரும்பாலும் சுருங்கியிருந்து, இரவில் கைகளை விரித்து இரை பிடிக்கும். அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலை உணவாக்கி வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பாசிதான் அதற்கு நிறம். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. இப்படி உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எனக்குக் கீழே இருந்தது இடுப்பு உயரம். பாம்பனில் பழைய ரயில் பாலம் திறந்த 1914-ல் இது ஒரு நெல்லிக்காய் அளவு இருந்திருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை ஓர் உயிர்க் கூட்டம் அதே இடத்தில் குடும்பம் நடத்துகிறது. கண்ணாடிக்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது.

அப்புறம் மீன்கள்! மதுரைச் சந்தையில் ஐஸ் மேல் படுத்திருக்கும்போது மட்டுமே நான் பார்த்தவர்கள் எல்லாம் இங்கே ஊர்வலம் போனார்கள். ஓரா மீன்கள் கூட்டமாக வந்து பாசியை மேய்ந்துவிட்டுப் போயின. நகரை மீன் தாடிபோல் இருந்த இரண்டு மீசைகளாலும் மணலைக் கிளறிக் கிளறித் தேடியது. கலவா ஒன்று பாறையிடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு திண்ணைக் கிழவர் மாதிரி எங்களையே பார்த்தது. கிளிமீன் தன் அலகால் பாறையைக் கறுக் கறுக் என்று கடித்ததைக் காதாலேயே கேட்டேன். அது கடித்து அரைத்துக் கழிப்பது மணலாக விழுகிறது. பவளக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்தக் கிளிமீன்கள் தந்தது. வரிவரியாக இருந்த ஒரு குட்டி மீன் தன் இடத்துக்கு நான் மிக அருகில் வந்துவிட்டேன் என்று என் கண்ணாடியை நோக்கி நேராகப் பாய்ந்து வந்து நின்றது. கட்டைவிரல் உயரம், என்ன வீரம்!

இத்தனைக்கும் மேலே கணவாய். ஓட்டுக் கணவாயை எத்தனை கிலோ வாங்கிச் சுத்தம் செய்திருப்பேன்! அதன் ஓட்டைப் பக்கத்து வீட்டுக் கிளிக்குக் கொடுத்திருப்பேன். உயிரோடு பார்த்தது அன்றுதான். ஒரு முழ நீளம் இருக்கும். உடம்பைச் சுற்றிலும் பாவாடைக் கரைபோல ஒரு மெல்லிய துடுப்பு. அது அலையலையாக ஓட, கணவாய் அந்தரத்தில் நின்றது. மணல்மேல் இருந்தபோது மணல்நிறம். பாறைப் பக்கம் நகர்ந்தது, பாறையின் பழுப்பும் புள்ளியும் உடம்பில் வந்துவிட்டன. என்னைக் கண்டதும் தலையிலிருந்து வால்வரை கறுப்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. திரையில் படம் ஓடுவது போல! தோலுக்கடியில் ஆயிரக்கணக்கான நிறப்பைகள். வேண்டியபோது விரிக்கும், வேண்டாதபோது சுருக்கும். அதற்கு மூன்று இதயம், நீலநிற ரத்தம். ஆங்கில எழுத்து டபிள்யூ வடிவத்தில் நெளிந்த கண்மணி. அந்தக் கண் என்னைப் பார்த்தது. நான் அசையாமல் மிதந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்தபிறகு மகள் சொன்னாள், "அம்மா, கால் மணி நேரம் நீ தலையையே தூக்கல."

எல்லாமே பசுமை என்று சொல்லிவிட மாட்டேன். வெளுத்த பவளத்தையும், செத்துப் பாசி மூடிய திட்டுகளையும் பார்த்தேன். தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடானால் பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும்; நிறம்போய் எலும்பு தெரியும்; சூடு நீடித்தால் பட்டினியால் சாகும். 2010-லும் 2016-லும் இந்தக் கரை அந்தக் கொடுமையை அனுபவித்திருக்கிறது. ஆனால் ஒரு செத்த கிளையின் நுனியிலேயே நகக்கண் அளவு புதிய பவளம் ஒட்டி வளர்ந்ததைத் தம்பி காட்டினான். அதைக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த பெருமை, தன் வீட்டுத் தொட்டில் பிள்ளையைக் காட்டுபவருடையது.

புஸ்ஸென்று ஒரு மூச்சு

திரும்பும் வழியில் தம்பி துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். எல்லோரும் நிறுத்தினோம். படகு தானாக வழுக்கிக்கொண்டு போனது. 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. ஏழெட்டு மீட்டர் தள்ளித் தண்ணீருக்கு மேலே ஒரு தலை. சுருக்கம் விழுந்த கழுத்து, ஈரமான கறுப்புக் கண். பேராமை! கடற்புல் மேய்ந்துவிட்டு மூச்செடுக்க வந்திருந்தது. எங்களைப் பார்த்தது, இன்னொரு மூச்சு வாங்கியது, மெதுவாக அமிழ்ந்தது. பழுப்பும் பொன்னுமாக அந்த ஓடு எங்கள் படகுக்கு அடியில் ஒரு விசிறி போல நகர்ந்து போனது. யாரும் வாய் திறக்கவில்லை. என் மகள் என் தோளை இறுகப் பிடித்திருந்தாள்.

"மோட்டார் வச்சிருந்தா இது மேலேயே வந்திருக்காதுக்கா. வந்தாலும் ரெக்கையில அடிபட்டிரும்" என்றான் தம்பி. துடுப்பின் அருமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

மறுநாள் காரங்காடு போனோம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் கைகோத்துச் சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் கயாக் போகிறது. இருபுறமும் மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. சேற்றிலிருந்து ஆயிரம் பென்சில்களை நட்டு வைத்ததுபோல மூச்சுவேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. அந்தச் சேற்றில் மூச்சு முட்டாமல் இருக்க, வேரை மேலே நீட்டிக் காற்று வாங்குகிற மரம்! சேற்றின்மேல் உளுவை மீன்கள் துடுப்பையே காலாக ஊன்றித் தாவின. நீலப்பச்சையாக மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை பறந்து வழிகாட்டியது.

காட்டைத் தாண்டிக் கடல் திறக்கும் இடத்தில் இறங்கினால் கடற்புல். பவளத்தைப் பார்த்த கண்ணுக்கு முதலில் வெறும் புல்தான். "இது பாசி இல்லக்கா. வேரு, தண்டு, பூ எல்லாம் உள்ள செடி" என்றார்கள். தண்ணீருக்குள்ளேயே பூத்து, தண்ணீருக்குள்ளேயே மகரந்தம் தூவும் செடி! அந்த வயலில் மெதுவாக மிதந்தேன். புல்லின் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கொக்கி போல ஏதோ ஆடியது. கடல் குதிரை. வாலால் புல்லைச் சுற்றிக்கொண்டு அலைக்கு ஏற்ப ஆடியது. ஆண், வயிற்றுப் பை புடைத்திருந்தது. கடல் குதிரையில் ஆண்தான் சூல் சுமக்கும் என்று படித்திருக்கிறேன். கைநீட்டும் தூரத்தில், கை நீட்டாமல் பார்ப்பது வேறு.

இந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா வாழ்கிறது. கடல் பசு என்று புத்தகத்தில் சொல்வது. இந்தக் கரையில் ஆவுளியா. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் மேயும். ஓராண்டுக்கும் மேல் சூல் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் ஒன்று போனாலும் பேரிழப்பு. இங்கிருந்து வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் இதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே ஆவுளியாவுக்கு முதல் காப்பகம். வலையில் தவறிச் சிக்கும் ஆவுளியாவை வலையை அறுத்து விடுகிற மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். பிழைப்பே அந்த வலை. அதை அறுக்கிற மனசு எப்பேர்ப்பட்டது! நான் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. ஆனால் அது மேயும் வயலின்மேல் மிதந்தேன். அதுவே எனக்கு நிறைந்துவிட்டது.

மதியம் ஊர்ப் பெண்கள் சமைத்த மீன்குழம்பும் நண்டு வறுவலும். அந்த ருசிக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

யாரோடு போகிறோம்

மூன்றாம் நாள் காலை பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தோம். சேலைக்கு மேலே சட்டை, விரல்களில் துணிச்சுற்று, கண்ணில் கண்ணாடி, கடலடிப் பாறையில் கால் கிழியாமல் ரப்பர்ச் செருப்பு. அறுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி மூச்சைப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்துப் பாசியோடு மேலே வந்தார். "உள்ள பாத்தியாம்மா?" என்றார் என்னிடம். "பாத்தேன் ஆச்சி." "நல்லா இருக்குல்ல?" என்றார். அந்தக் கேள்வியில் தன் வீட்டைச் சுற்றிக்காட்டியவரின் குரல் இருந்தது. நான் மூன்று நாள் விருந்தாளியாகப் பார்த்ததை அவர் சிறுவயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தம்பியின் தாத்தா சங்கு குளித்தவராம். அந்த மூச்சுதான் பேரனுக்கு வந்திருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் வேறொரு கடற்கரையில் மோட்டார் படகில் போனேன். படகுக்காரர் நட்சத்திர மீன் ஒன்றை எடுத்து மேலே போட்டார். கைக்குக் கை மாறி எல்லோரும் படம் எடுத்தோம். திரும்பத் தண்ணீரில் போட்டபோது அது அசைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த நினைவு இன்றும் என்னைச் சுடுகிறது. இங்கே மூன்று நாளில் ஒருவரும் எதையும் தொடவில்லை, தொட விடவில்லை. கால் ஊன்றப் பாறை கிட்டே இருந்தபோதும், "அது உசுருக்கா, மிதந்தே இருங்க" என்று தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கடலைக் காட்டுவதற்கும் கடலை விற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆகவே, போங்கள்! நீச்சல் தெரியாது என்று தயங்காதீர்கள். ஆனால் உயிர்காப்புச் சட்டை தராத இடத்துக்கும், கரையில் வைத்துப் பழக்காமல் நேரே கடலில் இறக்கும் ஆட்களோடும் போகாதீர்கள். அந்த ஊர்க் கடலை அறிந்த வழிகாட்டியா என்று கேளுங்கள். காற்று கூடாத விடிகாலையைத் தேர்ந்தெடுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுங்கள். சில களிம்புகளில் இருக்கும் ரசாயனம் பவளத்துக்கு ஆகாது. மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதோடு அது நாளைய பவளம் வந்து ஒட்டும் இடம். தென்கடலில் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் 1986-லேயே தேசியப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. வழிகாட்டி "இன்னிக்கு வேணாம்" என்றால் வாதாடாதீர்கள். அவர் கடலைக் கேட்டுத்தான் சொல்கிறார்.

கிளம்பும் நாளில் வழக்கம்போல அக்னி தீர்த்தத்துக்குப் போனோம். அமாவாசை இல்லை, ஆனாலும் நல்ல கூட்டம். இடுப்பளவுத் தண்ணீர் கலங்கலாக இருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம், "காதைப் பொத்து, மூக்கைப் பிடி, முங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூக்கை மட்டும் பிடித்துக்கொண்டு முங்கினேன். காதைப் பொத்தவில்லை.

தூரத்தில், மெல்லியதாக, கேட்டது. கடுகு பொரிந்துகொண்டிருந்தது. நான் காதைப் பொத்தி முங்கிய அத்தனை வருடமும் அது பொரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.